ஞாயிற்றுக்கிழமை ஊழியமும் திங்கட்கிழமைக் கணக்கும்

தமிழ்க் கிறிஸ்தவர்களிடம் ஒரு விசித்திரமான இலக்கணம் இருக்கிறது. பிரசங்கம் பண்ணுகிறவர் "ஊழியம் செய்கிறார்". பஸ் ஓட்டுகிறவர் "வேலை பார்க்கிறார்". கன்வென்ஷனில் பாட்டுப் பாடும் அக்கா ஊழியத்தில் இருக்கிறார். அதே அக்கா வாரம் ஆறு நாள் ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் பார்த்து, அறுபது நோயாளிக்கு மருந்து கொடுத்தால் அது "உலகப்பிரகாரமான வேலை".

வேடிக்கை என்னவென்றால், சபைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க இந்தச் சொல் எல்லாருக்கும் பொதுவாகத்தான் இருக்கிறது. அரசு ஊழியர், வங்கி ஊழியர், மின்வாரிய ஊழியர், போக்குவரத்துக் கழக ஊழியர். தாலுகா ஆபீஸ் சுற்றறிக்கையில் கடைநிலை உதவியாளருக்குக் கிடைக்கும் பட்டம் அவருடைய சொந்தச் சபையில் அவருக்குக் கிடைப்பதில்லை. அங்கே அவர் வெறும் விசுவாசி. காணிக்கை கொடுத்து ஊழியத்தைத் "தாங்குகிறவர்".

இது வெறும் வார்த்தைப் பிரச்சினை, இதற்கு ஏன் ஒரு பதிவு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்கவும்.

கன்வென்ஷனின் கடைசி நாள் ராத்திரி என்ன நடக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். மெல்லிசாக கீபோர்ட் வாசிப்பார்கள். முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்பார் செய்தியாளர். வாலிபர்கள் கண்ணீரோடு மேடைக்கு முன்னால் வருவார்கள். அந்தக் கண்ணீர் உண்மையானது, அதைக் கேலி செய்ய வேண்டிய அவசியம் இல்லை. கேள்வி வேறு. "நாளைக்குப் பத்து மணிக்குச் சரியாக ஆபீசுக்குப் போய், கவுன்ட்டர் முன்னால் நிற்கும் கிழவியை மதியம் வா என்று அலைக்கழிக்காமல் வேலையை முடித்துக் கொடுக்க ஒப்புக்கொடுக்கிறவர்கள் முன்னால் வாருங்கள்" என்று எந்த மேடையிலாவது, எந்த ஊரிலாவது யாராவது அழைத்ததுண்டா?

அழைக்காததன் விளைவுதான் இது: உபவாச ஜெபம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது லீவு போடும் ஆசிரியர். வாலிபர் முகாமைக் காரணம் காட்டி அசைன்மென்ட்டை அடுத்தவனிடம் காப்பியடிக்கும் மாணவன் (காமர்ஸ் டிபார்ட்மென்ட்டில் இந்த வகை அதிகம்). கிராம ஊழியத்துக்குப் போகும் மகனுக்குச் சபையில் சால்வை. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாருக்கு மூன்று வருடமாக மலம் அள்ளிக் கொட்டும் மருமகளுக்கு என்ன? "உங்களுக்காக ஜெபிக்கிறோம் சிஸ்டர்."

இந்தக் கடைசி உதாரணம் இயேசுவுக்கே தெரிந்த ஒன்று. மாற்கு ஏழாம் அதிகாரத்தில் கொர்பான் என்ற ஏற்பாட்டைப் பற்றி அவர் பேசுகிறார். தாய் தகப்பனைக் காப்பாற்ற வேண்டிய பணத்தை, அது தேவனுக்கென்று நேர்ந்தாயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழி. சமய அறிஞர்கள் அதை அனுமதித்தார்கள். இயேசு அதைப் பக்தி என்று எடுத்துக்கொள்ளவில்லை. தேவனுடைய கட்டளையையே ரத்து செய்கிற தந்திரம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆக, "ஆண்டவர் வேலை" என்று காரணம் சொல்லி அன்றாடக் கடமையிலிருந்து நழுவுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. அதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே பெயர் இருந்தது.

இனி கொஞ்சம் காமர்ஸ்.

பி.காம். முதல் வருடத்திலேயே சொல்லித் தரும் பாடம்: முதலினச் செலவு, வருவாயினச் செலவு. மிஷின் வாங்கினால் முதலினம், அது சொத்து. அந்த மிஷினுக்கு மாதாமாதம் கரண்ட் பில் கட்டினால் வருவாயினம், அது அந்த வருடத்து லாபத்திலிருந்து கழிய வேண்டும். பிளஸ் ஒன் படிக்கும் பையனுக்கும் இது தெரியும். அமெரிக்காவின் மிகப்பெரிய தொலைபேசி நிறுவனங்களில் ஒன்றான வேர்ல்ட்காம் இந்த ஒரு பாடத்தில்தான் விழுந்தது. மற்ற நிறுவனங்களின் லைன்களைப் பயன்படுத்தியதற்குக் கட்டிய கட்டணத்தை, அதாவது சுத்தமான வருவாயினச் செலவை, சொத்து என்று எழுதினார்கள். நஷ்டம் வரவேண்டிய காலாண்டில் லாபம் வந்தது.  2002 ஜூனில் உண்மை வெளியே வந்தபோது முதலில் சொல்லப்பட்ட தொகை 380 கோடி டாலர். தோண்டத் தோண்ட அது சுமார் 1,100 கோடி டாலர் வரை போனது. அடுத்த மாதமே நிறுவனம் திவால் மனு கொடுத்தது. அந்தத் தேதி வரைக்கும் அமெரிக்க வரலாற்றில் அதைவிடப் பெரிய திவால் இல்லை. பதினேழாயிரம் பேருக்கு வேலை போகும் என்று அறிவிப்பு வந்தது. ஓய்வுக்காலச் சேமிப்பைக் கம்பெனி ஷேரிலேயே போட்டு வைத்திருந்த சாதாரணத் தொழிலாளிகளிடம் கடைசியில் மிஞ்சியது காகிதம்.

நிறுவனத்தின் தலைவர் பெர்னார்ட் எபர்ஸ். மிசிசிப்பி மாநிலத்தில் புரூக்ஹேவன் என்ற சிற்றூரில் ஒரு பாப்டிஸ்ட் சபையின் அங்கத்தினர். அங்கத்தினர் மட்டும் அல்ல, அங்கே ஞாயிறு பள்ளி வகுப்பு நடத்தியவர். 2005இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று தீர்த்து 25 வருடச் சிறைத்தண்டனை கொடுத்தது. உடல் நலம் கெட்டு 2019 டிசம்பரில் வெளியே விடப்பட்டார், 2020 பிப்ரவரியில் இறந்தார்.

அவர் ஒரு மாய்மாலக்காரர், நம்ம சபையில் அப்படி யாரும் இல்லை என்று சொல்லித் தப்பிப்பது சுலபம். யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு சுலபம் இல்லை. அவர் வகுப்பு எடுத்தது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஞாயிறு பள்ளியில் உண்மையாகவே பக்தியோடு உட்கார்ந்திருக்கலாம். பிரச்சினை அங்கே இல்லை. ஞாயிறு ஒரு பேரேடு, திங்கள் இன்னொரு பேரேடு என்று இரண்டு தனித்தனிப் புத்தகம் வைத்துக்கொள்ளச் சபையே சொல்லிக் கொடுத்திருந்தால், ஒன்றில் எழுதியது மற்றதில் ஏன் தெரியப்போகிறது? "ஊழியம்" என்ற பத்தி அந்த முதல் புத்தகத்தில் மட்டும் இருந்தால், இரண்டாவது புத்தகத்தை யார் ஆடிட் பண்ணுவது?

பண்ணியது ஒரு பெண்மணி. அதே நிறுவனத்தின் உள் தணிக்கைப் பிரிவுக்குத் தலைவர், பெயர் சிந்தியா கூப்பர். அவரும் அவருடன் இருந்த ஒரு சின்னக் குழுவும் அந்தப் பதிவுகளைக் கண்டுபிடித்தார்கள். நிதித்துறைத் தலைவர் அவரைக் கூப்பிட்டு, இந்தத் தணிக்கையை இப்போதைக்குத் தள்ளிப்போடு என்றார். தள்ளிப்போடவில்லை. யாருக்கும் சந்தேகம் வராமல் இருக்க ராத்திரி நேரங்களில் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு பதிவாகத் துழாவினார்கள். 2002இல் டைம் பத்திரிகை அந்த வருடத்தின் மனிதர்கள் என்று மூன்று பெண்களை அட்டையில் போட்டது, அதில் ஒருவர் இவர். அவர் செய்தது என்ன? அற்புதம் ஒன்றும் இல்லை. வவுச்சரைக் கேட்டார். வவுச்சர் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டார். சம்பளம் வாங்கிய வேலையைச் செய்தார், அவ்வளவுதான்.

அதே கட்டடத்தில் இன்னொருவரும் இருந்தார். கணக்குப் பிரிவில் நடுத்தரப் பொறுப்பில் இருந்த ஒரு பெண். அந்தப் பொய்ப் பதிவுகளைப் போட்டவர்களில் அவரும் ஒருவர். தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது, வேலையை விட்டுவிடலாம் என்றுகூட நினைத்தார். ஆனால் மேலே இருந்தவர்கள் இந்த ஒரு தடவை மட்டும் என்றார்கள். வீட்டில் குடும்பம். போட்டார். அடுத்த காலாண்டிலும் போட வேண்டி வந்தது. கடைசியில் ஐந்து மாதம் சிறை. இவரைத் திட்டுவதற்கு எந்தக் காமர்ஸ் மாணவனுக்கும் யோக்கியதை கிடையாது. நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரப்போவது அவர்கள்தான். ஆனால் அந்த நாற்காலியில் உட்காரும் கிறிஸ்தவப் பையனுக்கு, பெண்ணுக்கு, இருபது வருட ஞாயிறு பள்ளி என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறது? மனப்பாட வசனம் தெரியும். வவுச்சர் இல்லாத பதிவைப் போடச் சொன்னால் எப்படி எழுந்து நிற்பது என்று தெரியாது. அது "ஊழியத்தில்" வராத பாடம்.

வேதாகமம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பார்த்தால், பல பிரசங்கிகளுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

லூக்கா மூன்றாம் அதிகாரம். யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர்கள் வந்து, என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். ரோம ஆட்சிக்கு வரி வசூலித்துக் கொடுத்தவர்கள், ஊரே வெறுத்த ஆட்கள். வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வா என்று யோவான் சொல்லவில்லை. குறித்த தொகைக்கு மேலே ஒரு காசு வாங்காதே என்றார். போர்ச்சேவகர்கள் கேட்டார்கள். மிரட்டிப் பிடுங்காதே, பொய்க் கேஸ் போடாதே, வருகிற சம்பளத்தில் திருப்தியாக இரு என்றார். மனந்திரும்புதலுக்கு யோவான் வைத்த பரீட்சை முழுக்க முழுக்க ஆபீஸ் பரீட்சை. (இன்றைக்கு இதையே ஒரு செக்போஸ்ட்டிலும் ஒரு பத்திரப்பதிவு அலுவலகத்திலும் பிரசங்கித்தால் எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு மிஞ்சுவார்கள் என்பது தனி ஆராய்ச்சி.)

மத்தேயு சுங்கச்சாவடியை விட்டு எழுந்து போனாரே என்பார்கள். போனார். ஆனால் சகேயு போகவில்லை. ஆயக்காரர்களுக்குத் தலைவனான அந்த மனிதர் செய்தது, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று கணக்குச் சொன்னது. வேலையை விடு என்று இயேசு அவரிடம் சொன்னதாக ஒரு வார்த்தையும் இல்லை. அழைப்பு இரண்டு மாதிரியும் வரும். ஒன்றை மட்டும் மேடையில் ஏற்றியதுதான் தவறு.

யாத்திராகமம் 31க்குப் போனால், தேவ ஆவியால் நிரப்பப்பட்டதாக வேதாகமம் பெயர் சொல்லிக் குறிக்கும் முதல் ஆள் பெசலெயேல். தீர்க்கதரிசி இல்லை, ஆசாரியன் இல்லை. பொன், வெள்ளி, வெண்கலம், கல், மரம் எல்லாவற்றிலும் வேலை தெரிந்த கைவினைஞர். அபிஷேகம் என்றாலே மைக் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்த அதிகாரத்தை ஒரு தடவை நிதானமாக வாசிக்கலாம்.

பவுல் கூடாரத் தொழிலாளி என்பது எல்லாருக்கும் தெரியும், ஏதோ பார்ட் டைம் வருமானம் என்கிற மாதிரி அதைக் கடந்து போய்விடுகிறார்கள். தெசலோனிக்கே சபையில் சிலர் வேலை செய்யாமல் திரிந்தபோது அவர் எழுதியது எவ்வளவு கடுமை என்பது இரண்டாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில் இருக்கிறது. உழைக்க மனதில்லாதவனுக்குச் சாப்பாடு போடாதீர்கள் என்கிற அளவுக்குப் போகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, சொந்தக் குடும்பத்தைக் கவனிக்காதவன் அவிசுவாசியைவிடக் கெட்டவன் என்கிறார். இதைவிடப் பெரிய வசவு கிறிஸ்தவ அகராதியில் இருக்கிறதா?

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சின்ன விஷயம். இயேசு பொது ஊழியத்தைத் தொடங்கும்போது அவருக்கு ஏறக்குறைய முப்பது வயது. அதற்கு முன்னால் நாசரேத்தில் தச்சர். யோர்தானில் ஞானஸ்நானம் எடுத்த நேரத்தில், இவர்மேல் பிரியமாயிருக்கிறேன் என்று வானத்திலிருந்து குரல் கேட்டது. அந்த நாள் வரைக்கும் அவர் ஒரு பிரசங்கமும் பண்ணியதாக, ஒரு குருடனின் கண்ணைத் திறந்ததாகச் சுவிசேஷங்களில் இல்லை. பிதா பிரியப்பட்ட அந்த முப்பது வருடத்தில் இருந்தது என்ன? மரம், உளி, ஒரு குடும்பம், ஒரு சின்ன ஊர்.

காமர்ஸ் மாணவர்களுக்கு இன்னொரு ஆள். லூக்கா பச்சோலி. இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் அச்சிட்ட புத்தகத்தில் விளக்கியவர் என்று அக்கவுன்டன்ஸி பாடத்தில் ஒரு வரி வரும், இரண்டு மார்க் கேள்விக்கு உதவும். வருடம் 1494, ஊர் வெனிஸ். அவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவி என்பதைப் பாதிப் பேர் கவனிப்பதில்லை. வியாபாரி தன் கணக்கைக் கடவுளின் பெயரால் தொடங்க வேண்டும் என்பது அவருடைய அறிவுரை. பற்று, வரவு, குறிப்பேடு, பேரேடு என்று வரி வரியாக விளக்கிய அந்தத் துறவி, சந்தைக் கணக்கு எழுதியதால் தன் துறவுக்குத் தீட்டு வந்துவிட்டதாக நினைத்ததாகத் தெரியவில்லை. அடுத்த தலைமுறையில் மார்ட்டின் லூத்தர் 1520இல் இன்னும் நேராகவே சொன்னார்: செருப்புத் தைப்பவர், கொல்லர், விவசாயி என்று ஒவ்வொருவருக்கும் அவரவர் பணி உண்டு, ஆனாலும் எல்லாரும் குருக்களே. ஜெர்மன் மொழியில் இன்றும் தொழிலுக்குப் புழங்கும் சொல் "அழைப்பு" என்ற பொருளில் பிறந்தது. அங்கே அழைப்பு என்கிற சொல் தொழிலுக்கு இறங்கி வந்தது. இங்கே ஊழியம் என்கிற சொல் தொழிலை விட்டு மேடை ஏறிக்கொண்டது.

சரி, எதிர்க் கேள்விகள்.

அப்படியானால் போதகர் வேண்டாமா, மிஷனெரி வேண்டாமா? வேண்டும். இது அவர்களுக்கு எதிரான வாதம் இல்லை. ஒரு போதகர் வாரம் முழுக்கத் தயாரிக்காமல் ஞாயிறு காலை ஏதோ ஒரு வசனத்தைப் பிடித்து ஒன்றரை மணி நேரம் இழுத்தால், அவரும் வேலையில் ஏமாற்றுகிறவர்தான். அளவுகோல் எல்லாருக்கும் ஒன்றுதான்.

இரண்டாவது கேள்வி கனமானது. "கடவுளுக்குச் செய்வதுபோல் உழை" என்ற போதனை முதலாளிக்குத்தானே லாபம்? சம்பளம் கேட்காமல், தலையைத் தூக்காமல் மாடு மாதிரி உழைக்க வைக்கும் மயக்க மருந்துதானே?

இதற்கு மழுப்பலான பதில் கூடாது. கொலோசெயர் மூன்றில் பவுல் அந்த வார்த்தைகளை எழுதியது அடிமைகளுக்கு. பின்னால் வந்த அடிமை முதலாளிகள் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள். 1807இல் லண்டனில், கரீபியன் தோட்டங்களில் இருந்த அடிமைகளுக்கென்று வேதாகமத்தின் பகுதிகளைப் பொறுக்கி ஒரு பதிப்பு அச்சிட்டார்கள். எகிப்திலிருந்து இஸ்ரவேலர் விடுதலையாகும் கதையை அதில் வெட்டிவிட்டார்கள். எஜமானுக்குக் கீழ்ப்படிவது பற்றிய பகுதி பத்திரமாக இருந்தது. அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் "ஊழியம்" என்ற இதே சொல், ஒடுக்கப்பட்ட சாதியாரிடம் கூலி இல்லாமல் பிடுங்கிய கட்டாய வேலைக்குப் பெயர். தென் திருவிதாங்கூரில் நாடார்கள் அதை அனுபவித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளிலாவது கிறிஸ்தவர்களுக்கு அதிலிருந்து விலக்கு வேண்டும் என்று மிஷனெரிகள் அரசிடம் போராட வேண்டியிருந்தது. அந்தத் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளிடம் போய் "ஊழியத்தில் உண்மையாயிரு" என்று சொல்கிறவருக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் பவுல் அந்த இடத்தில் நிறுத்தவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனமே முதலாளிகளுக்கு: நியாயமானதைக் கொடு, உனக்கும் மேலே ஒரு எஜமான் இருக்கிறார். யாக்கோபு ஐந்தாம் அதிகாரத்தில், பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறார். லேவியராகமத்தில் கூலிக்காரனின் கூலி விடியும் வரை உன்னிடம் இருக்கக் கூடாது. கள்ளத் தராசைப் பற்றி நீதிமொழிகளில் எத்தனை இடம்! உண்மையாக வேலை செய் என்ற கட்டளை சம்பளம் கொடுக்கிறவனையும் சேர்த்தே பிடிக்கிறது. வேலைக்காரனிடம் மட்டும் அதை வாசித்துக் காட்டுகிற கிறிஸ்தவ முதலாளி, 1807 பதிப்பை வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறார்.

கீழ்ப்படிதல் வேறு, உண்மை வேறு என்பதும் இங்கேதான் தெரிகிறது. வேர்ல்ட்காமில் பொய்ப் பதிவு போட்டவர் மேலதிகாரிக்குக் கீழ்ப்படிந்தார். தணிக்கையைத் தள்ளிப்போட மறுத்தவர் கீழ்ப்படியவில்லை. வேலைக்கு உண்மையாக இருந்தது யார்? மேலே இன்னொருவர் பார்க்கிறார் என்று நிஜமாகவே நம்புகிறவன் மானேஜருக்கு வசதியான ஆளாக இருக்க முடியாது. மயக்க மருந்து என்று சொல்பவர்கள், அதை முழு டோஸாக யாராவது எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று விசாரிக்கலாம்.

கடைசியாக, இதை எழுத வேண்டிய முதல் இடம் சபையின் சொந்தப் புத்தகம். ஆலயத்தில் நாலரை மணிக்கு எழுந்து கதவு திறக்கிறவர் ஒருவர் உண்டு. மணி அடிப்பார், பெஞ்சு துடைப்பார், கல்யாணத்துக்கும் சாவுக்கும் முதலில் வந்து கடைசியில் போவார். பல இடங்களில் அவர் சம்பளம் ஒரு நல்ல ஸ்பீக்கர் பாக்ஸ் விலை வராது, அதுவும் மாதக் கடைசியில் கமிட்டி கையெழுத்துக்குக் காத்திருக்கும். ஆண்டறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். கன்வென்ஷன் செய்தியாளருக்குக் கொடுத்த தொகை "ஊழியங்கள்" என்ற தலைப்பில் இருக்கும். இவருடைய பன்னிரண்டு மாதம் எந்தத் தலைப்பில் இருக்கிறது? அநேகமாக "இதரச் செலவுகள்", மின்கட்டணத்துக்கும் வெள்ளையடிப்புக்கும் நடுவில்.